கணக்கு ஓசி, கொண்டு வந்து சேக்கறதுதான் செலவு

வருஷத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு அந்த ஃபார்வர்ட் வந்துடும். "ஒளியோட வேகத்துல கணக்கு போடற சிப் வந்தாச்சு, கரண்டே செலவாகாது, இனிமே ஜிபியு விக்கறவங்க கடையை மூட வேண்டியதுதான்". (ஜிபியுன்னா இப்ப ஏஐ கணக்கு, படக் கணக்கு எல்லாம் போடற சிப்.) இந்த தடவை அனுப்புனது சித்தப்பா பையன். கூடவே "அண்ணா, நீ இமேஜ் ப்ராசஸிங்லதானே இருக்க, உன் வேலை என்ன ஆகும்?"னு ஒரு கேள்வி, பக்கத்துல சிரிக்கற பொம்மை வேற. அவனுக்கு ரெண்டு வரியில பதில் போடலாம்னு உக்காந்தேன், அது நீண்டுட்டே போச்சு, சரி இங்கயே எழுதிடலாம்னு வந்துட்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஒளியால கணக்கு போட முடியும், அதுல பொய்யே இல்ல. அறுபது வருஷத்துக்கு முன்னாடியே நிஜமா போட்டிருக்காங்க, அதுவும் லேப்ல காட்டறதுக்கு இல்ல, அமெரிக்க ராணுவம் அதை நம்பி விமானம் ஓட்டியிருக்கு. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் எதாலயும் முடியாத கணக்கை லென்ஸும் ஃபிலிமும் வச்சு முடிச்சாங்க. அப்புறம் டிஜிட்டல் கிட்ட தோத்துப்போச்சு. ஏன் ஜெயிச்சுது, ஏன் தோத்துச்சுங்கறது புரிஞ்சுட்டா இப்ப வர்ற செய்திகளை எப்படி படிக்கணும்னு தன்னால தெரிஞ்சுடும்.

லென்ஸ் எப்படி கணக்கு போடும்னு கேக்கறவங்க ராத்திரி மொட்டை மாடிக்கு போங்க. நல்லா மெல்லிசா நெருக்கமா நெய்ஞ்ச துணி ஒண்ணு எடுத்துக்கோங்க, பட்டு துணியோ நைசான வேட்டியோ எதுன்னாலும் சரி. அதை கண்ணு கிட்ட பிடிச்சுக்கிட்டு தூரத்துல தெரியற ஒத்தை விளக்கை பாருங்க. விளக்கு ஒண்ணா தெரியாது, சிலுவை மாதிரி நாலு பக்கமும் வரிசையா புள்ளி புள்ளியா தெரியும். துணியை திருப்புனா புள்ளி எல்லாம் கூடவே சுத்தும், துணி எவ்ளோ நைசா இருக்கோ புள்ளிங்க அவ்ளோ தள்ளித் தள்ளி இருக்கும். 1785ல ஃபிலடெல்ஃபியாவுல ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன்ங்கறவர் இதே மாதிரி பட்டு கைக்குட்டை வழியா தெருவிளக்கை பாத்துட்டு இது என்னடான்னு குழம்பிப்போய் டேவிட் ரிட்டன்ஹவுஸ்ங்கற விஞ்ஞானி கிட்ட கேட்டாரு. அவரு முடியை வரிசையா கட்டி ஒரு சட்டம் பண்ணி சோதனை போட்டு பாத்தாரு. இன்னிக்கு டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங்னு (நெருக்கமான கோடுங்களால ஒளியை பிரிச்சு விடற தட்டு) சொல்றோமே, அதுல முதல் உருப்படி அதுதான்.

நீங்க பாத்த அந்த புள்ளிங்க வேற ஒண்ணும் இல்ல, துணியோட நெசவுக்கான ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்தான். கண்ணுல இருக்கற லென்ஸ் அந்த கணக்கை போட்டு ரெட்டினாவுல எழுதிடுச்சு. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு அந்த பேரை கேட்டாலே அரியர் ஞாபகம் வரும், படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். எந்த படத்தையும் கோடு கோடா இருக்கற நிறைய டிசைனோட கூட்டலா பிரிச்சுடலாம். அகலமான கோடு, குறுகலான கோடு, படுத்த கோடு, சாஞ்ச கோடுன்னு. எந்தக் கோடு எவ்ளோ பலமா இருக்குன்னு சொல்ற லிஸ்ட்தான் டிரான்ஸ்ஃபார்ம். லேசர் மாதிரி ஒழுங்கான ஒளியில ஒரு ஸ்லைடை வச்சு, ஸ்லைடுல இருந்து லென்ஸோட ஃபோகல் தூரத்துல லென்ஸை வச்சு, லென்ஸுக்கு அந்தாண்ட அதே தூரத்துல ஒரு அட்டையை பிடிச்சா அந்த லிஸ்ட் அப்படியே அட்டையில விழும். நடுவுல மொத்த வெளிச்சம், நடுவுல இருந்து தள்ளிப் போகப்போக நுணுக்கமான விவரங்கள்.

இப்ப அட்டையை எடுத்துட்டு அங்கிருந்து அதே ஃபோகல் தூரத்துல இன்னொரு லென்ஸை வச்சா படம் திரும்ப வரும், என்ன தலைகீழா வரும் அவ்ளோதான். ஆனா நடுவுல அந்த லிஸ்ட் விழற இடத்துல நாம கை வைக்கலாமே. நடு புள்ளியை ஒரு சின்ன கறுப்பு பொட்டு வச்சு மறைச்சா படத்துல ஓரங்கள் மட்டும் பளிச்சுன்னு மிஞ்சும். ஓரத்தை எல்லாம் மறைச்சு நடுவுல மட்டும் விட்டா படம் மங்கலாகும். நான் ஆபீஸ்ல லைப்ரரி எல்லாம் இம்போர்ட் பண்ணி ப்ரோக்ராம் எழுதி பண்ற ஹைபாஸ், லோபாஸ் ஃபில்டர் எல்லாம் இங்க ஒரு துண்டு கறுப்பு பேப்பர். 1906ல போர்ட்டர்ங்கறவர் கம்பி வலையை வச்சு இதை செஞ்சு காட்டினாரு, அதுக்கு முன்னாடியே ஜெர்மனியில யேனா ஊர்ல எர்ன்ஸ்ட் ஆபே மைக்ராஸ்கோப்புக்காக இந்த தியரியை 1873ல எழுதி வச்சுட்டாரு. வலையோட படத்தை எடுத்து நடுவுல ஒரு படுத்த சந்து வழியா மட்டும் ஒளியை விட்டா, வெளிய வர்ற படத்துல நிக்கற கம்பிங்க மட்டும்தான் இருக்கும், படுத்த கம்பிங்க காணாமலே போயிடும். எம்எஸ்சி லேப்ல இதை முதல் தடவை பாத்தப்ப எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. கம்பி அங்கதான் இருக்கு, கண்ணால பாக்கறோம், ஆனா திரையில இல்ல.

இதோட நல்ல உபயோகம் ஒண்ணு நிலாவுல. 1966, 67ல நாசா அனுப்புன லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அஞ்சு. அதுல டிஜிட்டல் கேமரா எல்லாம் கிடையாது, நிஜ ஃபிலிம்ல படம் எடுத்து, விண்வெளியிலயே டெவலப் பண்ணி, அதை பட்டை பட்டையா ஸ்கேன் பண்ணி ரேடியோவுல பூமிக்கு அனுப்பும். இங்க அந்த பட்டைங்களை ஒட்டி படமாக்குனா ஒட்டுன இடமெல்லாம் கோடு கோடா தெரியும். அந்த கோடு சீரான இடைவெளியில வர்றதால ஃபூரியர் லிஸ்ட்ல ஒரே நேர்கோட்டுல புள்ளிகளா நிக்கும். அந்த புள்ளிகளை மட்டும் மறைச்சா போதும், கோடு போய் நிலா மட்டும் இருக்கும். ஆப்டிக்ஸ் பாடப்புத்தகத்துல இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க.

சரி இதெல்லாம் அழகான வித்தை. நிஜமா உயிரைக் கொடுத்து வேலை பாத்தது ரேடார்ல.

விமானத்துல ரேடார் வச்சு தரையை படம் எடுக்கணும்னா ஒரு பிரச்சனை இருக்கு. ஆன்டெனா எவ்ளோ பெருசோ அவ்ளோதான் கூர்மை. மூணு சென்டிமீட்டர் அலைநீளம், ரெண்டு மீட்டர் ஆன்டெனா, 20 கிலோமீட்டர் தள்ளி தரைன்னு வச்சுக்கோங்க, கணக்கு போட்டா அந்த கற்றை தரையில 300 மீட்டர் அகலத்துக்கு விரிஞ்சுடும். 300 மீட்டருக்குள்ள இருக்கற வீடு, வண்டி, மரம் எல்லாம் ஒரே குழம்பு. 1951ல குட்இயர் கம்பெனியில இருந்த கார்ல் வைலிக்கு ஒரு யோசனை வந்துச்சு. விமானம்தான் நகருதே, வழி நெடுக வர்ற எதிரொலிகளை எல்லாம் பேஸோட (phase, அலை அதோட ஏத்த இறக்கத்துல எந்த கட்டத்துல இருக்குங்கறது) சேத்து பதிவு பண்ணி வச்சு அப்புறமா ஒண்ணு சேத்தா, அவ்ளோ நீளத்துக்கு ஒரு ஆன்டெனா இருந்த மாதிரி ஆகிடாதா? ஆகும். சிந்தெட்டிக் அபர்ச்சர் ரேடார், சுருக்கமா சார் (SAR)னு சொல்றது இதைத்தான். இதுல ஆன்டெனா சின்னதா இருந்தாலும் கவலை இல்ல, கொள்கை அளவுல ஆன்டெனா நீளத்துல பாதி வரைக்கும் கூர்மை கிடைக்கும். மேல சொன்ன அதே ரெண்டு மீட்டர் ஆன்டெனாவுக்கு 300 மீட்டர் போய் ஒரு மீட்டர்!

ஆனா அந்த "ஒண்ணு சேக்கறது" இருக்கே, அதுதான் கணக்கு. தரையில இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரக்கணக்கான எதிரொலியை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் சரியான பேஸை திருத்தி கூட்டணும். 1950கள்ல இதை செய்யற கம்ப்யூட்டர் கிடையாது, கிட்டக்கூட கிடையாது. வேகமான ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் அல்காரிதம் கூலி-டூக்கி பேர்ல பிரபலமானதே 1965லதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட வில்லோ ரன் லேப்ல (ரெண்டாம் உலகப்போர்ல ஃபோர்டு கம்பெனி குண்டுவீச்சு விமானம் செஞ்சு தள்ளுன இடம் அது) லூயிஸ் கட்ரோனா, எம்மெட் லீத் இவங்க எல்லாம் சேந்து பண்ணது என்னன்னா, அந்த கணக்கை ஃபிலிம்ல எழுதி ஒளி கிட்ட கொடுத்துட்டாங்க. ரேடார்ல இருந்து வர்ற ஒவ்வொரு எதிரொலியையும் பழைய டிவி டியூப் மாதிரி ஒரு டியூப்ல ஒரே ஒரு கோடா காட்டுவாங்க. அதுக்கு முன்னாடி ஃபிலிம் மெதுவா நகரும், விமானத்தோட வேகத்துக்கு ஏத்த மாதிரி. அப்ப ஃபிலிமோட அகலத்துல தூரம், நீளத்துல விமானம் போன வழி. விமானம் கிலோமீட்டர் கணக்குல பறந்த வழி ஃபிலிம்ல கொஞ்ச நீளத்துக்குள்ள சுருண்டுடும்.

இதுல ஒரு அதிசயம் இருக்கு. தரையில ஒரே ஒரு பளிச்சுன்ற பொருள், ஒரு இரும்பு கம்பம்னு வைங்க, அது ஃபிலிம்ல எப்படி பதிவாகும்? விமானம் கிட்ட வர்றப்ப எதிரொலியோட பேஸ் வேகமா மாறும், நேரா வந்தப்ப மெதுவாகும், தாண்டிப் போறப்ப மறுபடி வேகமாகும். அதனால ஃபிலிம்ல நெருக்கமான கோடு, அப்புறம் அகலமான கோடு, மறுபடி நெருக்கமான கோடுன்னு வரும். ஆப்டிக்ஸ் தெரிஞ்சவங்க இதை பாத்தவுடனே சொல்லிடுவாங்க, இது ஃப்ரெனல் சோன் பிளேட்ல இருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டுன்னு. சோன் பிளேட் என்ன பண்ணும்? ஒளியை குவிக்கும், லென்ஸ் மாதிரி. ஆக தரையில இருக்கற ஒவ்வொரு பொருளும் ஃபிலிம்ல தனக்குத்தானே ஒரு லென்ஸை வரைஞ்சு வச்சுக்குது! நாம ஒழுங்கான ஒளியை ஃபிலிம் மேல பாய்ச்சினா போதும், ஒவ்வொரு லென்ஸும் ஒளியை ஒரு புள்ளியா குவிக்கும், அந்த புள்ளிதான் அந்த கம்பம். எத்தனை ஆயிரம் பொருள் ஒண்ணு மேல ஒண்ணா பதிவாகி இருந்தாலும் எல்லாம் ஒரே நேரத்துல குவியும். கணக்கு பண்றதுக்குன்னு தனியா ஒண்ணுமே இல்ல, டேட்டாவே தன்னை கணக்கு போட்டுக்குது. இதை யாராவது என்கிட்ட வெறும் வாய்வார்த்தையா சொல்லியிருந்தா நம்பியிருக்கவே மாட்டேன், சமன்பாடு எழுதி பாத்தப்புறம்தான் நம்பினேன்.

சிக்கல் இல்லாம இல்ல. பக்கத்துல இருக்கற பொருளும் தூரத்துல இருக்கற பொருளும் வரையற லென்ஸோட ஃபோகல் நீளம் வேற வேற. அதனால படம் ஒரே தளத்துல விழாது, சாஞ்ச தளத்துல விழும். அதுவும் வழி நெடுக்கு திசையில மட்டும்தான், தூரத்து திசை ஃபிலிம்லயே இருக்கு. இதை சரி பண்ண கூம்பு வடிவத்துல ஒரு லென்ஸை கடைஞ்சு போட்டாங்க, அகலத்துக்கு இந்த பக்கம் ஒரு பவர், அந்த பக்கம் ஒரு பவர். கூட ஒரு சிலிண்டர் லென்ஸ். கடைசியில ஒரு குறுகலான சந்து, அதுக்கு பின்னாடி இன்னொரு ஃபிலிம் ஓடும், அதுல தரையோட படம். ஒரு ஃபிலிம் உள்ள ஓட, இன்னொரு ஃபிலிம் வெளிய ஓட, நடுவுல கண்ணாடித் துண்டுங்க மட்டும். அப்ப லேசர் கூட கிடையாது, 1960லதான் லேசரே வருது, இவங்க மெர்க்குரி விளக்கை வச்சு ஓட்டினாங்க. ஆரம்பத்துல பறந்ததுல எல்லாம் உருப்படியா எதுவும் வரல, 1957 ஆகஸ்ட்லதான் முதல் நல்ல படம் வந்துச்சு. எல்லாம் ரகசியம், 1960லதான் வெளிய சொன்னாங்க. 1964 டிசம்பர்ல குவில்னு ஒரு செயற்கைக்கோள்ல இதே ரேடாரை ஏத்தி அனுப்பியிருக்காங்க, அது உலகத்துக்கு தெரிஞ்சது 2012ல. அந்த குவில் எதிரி நாட்டையே பாக்கல, அமெரிக்காவையேதான் படம் எடுத்துச்சு, சோதனைதானே!

இதுல இருந்து கிளைச்சதுதான் நாம பாக்கற ஹாலோகிராம், அதாவது பொருள் நிஜமா அங்க இருக்கற மாதிரியே ஆழத்தோட தெரியற படம். லீத் ரேடாருக்கு கணக்கு எழுதறப்பவே, ஃபிலிம்ல இருக்கறது ரேடார் அலையோட அச்சு, ஒளி பாய்ச்சினா அந்த அலையே சின்னதா மறுபடி உயிர் பெறுதுன்னு புரிஞ்சுக்கிட்டாரு. அப்புறம்தான் டென்னிஸ் காபோர் 1948லயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காக இதே மாதிரி ஒண்ணு எழுதியிருக்காருன்னு கண்ணுல படுது. காபோரோட முறையில ரெண்டு படம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து குழம்பும். ரேடார்ல அந்த குழப்பத்தை பிரிக்கற வழி லீத்துக்கு ஏற்கனவே தெரியும், பொருள்ல இருந்து வர்ற அலையோட சேத்து பதிவு பண்ண விடற ரெஃபரன்ஸ் அலையை கொஞ்சம் சாய்ச்சு விட்டா போதும். லாட்வியாவுல பிறந்த யூரிஸ் உபாட்னியெக்ஸ் கூட சேந்து 1962ல அதை ஒளிக்கு செஞ்சாங்க, 1964ல லேசர் வச்சு பொம்மை ரயில் ஹாலோகிராம் காட்டுனப்ப மாநாட்டுல வரிசையில நின்னு பாத்தாங்களாம், பொம்மையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு தேடுனவங்களும் உண்டு. நோபல் 1971ல காபோருக்கு மட்டும். எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம் உண்டு, லீத்துக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

அதே லேப்லதான் ஆன்டனி வாண்டர் லக்ட் 1964ல இன்னொண்ணு பண்ணாரு. தேடற உருவத்தோட ஃபூரியர் லிஸ்டை பேஸோட சேத்து ஹாலோகிராமா எடுத்து நடுவுல ஃபில்டரா வச்சுட்டா, எந்தப் படத்தை உள்ள விட்டாலும் அந்த உருவம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பளிச்சுன்னு புள்ளி விழும். ஒரு பக்கம் முழுக்க எழுத்து, அதுல ஒரு எழுத்து எங்கெங்க இருக்குன்னு ஒரே நொடியில. ராணுவத்துக்கு உடனே ஆசை வந்துடுச்சு, விமானப் படத்துல டாங்க் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கலாமே. நிஜத்துல டாங்க் கொஞ்சம் திரும்பி நின்னா போச்சு, கொஞ்சம் பெருசா தெரிஞ்சா போச்சு, புள்ளி மங்கிடும். எழுபதுகள்ல இருந்து தொண்ணூறு வரைக்கும் இதை சரி பண்ண எத்தனையோ ஃபில்டர் டிசைன் வந்துச்சு, அந்தக் கணக்கு இன்னிக்கும் உபயோகத்துல இருக்கு, ஆனா சாஃப்ட்வேர்ல.

அப்ப ஏன் தோத்துச்சு?

1978 ஜூன்ல நாசா சீசாட்னு ஒரு செயற்கைக்கோள் அனுப்புச்சு, கடலை பாக்க. 800 கிலோமீட்டர் உயரம், 23.5 சென்டிமீட்டர் அலைநீளம், பத்து மீட்டருக்கு கொஞ்சம் மேல ஆன்டெனா. சாதா ரேடாரா இருந்தா கூர்மை ஏறக்குறைய 18 கிலோமீட்டர், சார் கணக்குல 25 மீட்டர். பாவம் அக்டோபர்லயே கரண்ட் போய் செத்துப்போச்சு, நூத்தி அஞ்சு நாள்தான் உயிரோட இருந்துச்சு. அதோட டேட்டா டேப்ல இருந்துச்சு. படமாக்க ஃபிலிம்ல ஏத்தி லேசர்ல விட்டாங்க, பெரும்பாலும் அப்படித்தான் வந்துச்சு. அதே சமயத்துல சிலர் அதே டேட்டாவை கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தாங்க. சின்ன ஒரு துண்டு படத்துக்கு மணிக்கணக்கா ஓடும், ஆனா வந்த படம் சுத்தமா இருந்துச்சு. ஃபோகஸ் தப்பா? நம்பரை மாத்து, திரும்ப ஓட்டு. வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் ரெண்டுமே கெடாம இருக்கணுமா? இருக்கும். ஃபிலிம்ல அதெல்லாம் நடக்காது, லென்ஸை நகத்தி வச்சு, ஃபிலிமை கழுவி காயப்போட்டு பாக்கணும். லேசர்ல வேலை பாத்தவங்களுக்கு தெரியும், லென்ஸ்ல ஒரு தூசி இருந்தா போதும், படம் பூரா வட்டம் வட்டமா விழும், நான் லேப்ல பாதி நேரம் செலவழிச்சதே அந்த தூசியை துடைக்கத்தான். அனலாக் கணக்குல துல்லியம் நூத்துல ஒண்ணு, கஷ்டப்பட்டா கொஞ்சம் மேல, அதுக்கு மேல போக முடியாது.

ஆனா துல்லியம் மட்டும் காரணம் இல்லன்னு நான் நினைக்கறேன். முக்கியமான காரணம் வேற. வில்லோ ரன்ல அது ஜெயிச்சதுக்கு காரணம் டேட்டா எப்படியும் ஃபிலிம்லதான் எழுதப்பட்டுச்சு, பாக்கறவங்களுக்கும் ஃபிலிம்தான் வேணும். 1957ல இவ்ளோ டேட்டாவை சேத்து வைக்க ஃபிலிமை விட்டா வேற எதுவும் கிடையாதே. அதனால உள்ள வர்றதும் வெளிய போறதும் ஒளிக்கு ஏத்த வடிவத்துலயே இருந்துச்சு, மாத்தற செலவே இல்ல. செயற்கைக்கோள்ல இருந்து டேட்டா நம்பரா வர ஆரம்பிச்சு, பாக்கறவங்களும் நம்பரா கேக்க ஆரம்பிச்சவுடனே, நடுவுல ஃபிலிம்ங்கறது வேண்டாத சுத்து வழி ஆயிடுச்சு.

இதை நம்பர்ல பாப்போம். 25 சென்டிமீட்டர் ஃபோகல் நீளத்துல ரெண்டு லென்ஸ் வச்சா மொத்தம் ஒரு மீட்டர். ஒளி அதை 3.3 நானோ செகண்டுல கடந்துடும், அதுக்குள்ள ரெண்டு டிரான்ஸ்ஃபார்ம், நடுவுல ஒரு பெருக்கல் எல்லாம் முடிஞ்சுது. ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சலா இருந்தாலும் பத்தாயிரத்துக்கு பத்தாயிரமா இருந்தாலும் அதே 3.3தான். நாக்கைத் தொங்கப்போட வைக்கற ஸ்பீடு. ஆனா படத்தை உள்ள எப்படி விடறது? இப்ப ஃபிலிமுக்கு பதிலா எல்சிடி மாதிரி ஒரு தட்டு இருக்கு, ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர்னு பேரு, எண்பதுகள்ல ஆராய்ச்சிக்காரங்க பாக்கெட் டிவியை பிரிச்சு அதோட திரையை எடுத்துக்கூட உபயோகிச்சிருக்காங்க. செகண்டுக்கு 60 படம் மாத்தற தட்டுன்னு வைங்க, ஒரு படத்துக்கு கிட்டத்தட்ட 17 மில்லி செகண்டு. கணக்குக்கு ஆகற நேரத்தை விட ஏறக்குறைய அம்பது லட்சம் மடங்கு நேரம் வாசல்லயே போகுது. என் லேப்டாப் அதே ஆயிரத்துக்கு ஆயிரம் படத்துக்கு டிரான்ஸ்ஃபார்மை சில மில்லி செகண்டுல போட்டுடும். அதாவது தட்டுல படம் வந்து நிக்கறதுக்குள்ள லேப்டாப் விடையோட நிக்கும்! லட்சம் பேருக்கு இலை போட்டு பரிமாற ரெடியா இருக்கற மண்டபத்துக்கு ஒத்தை ஆள் நுழையற வாசல் வச்ச கதை. வேகமான தட்டுங்க இருக்கு, ப்ரொஜெக்டர்ல வர்ற குட்டி கண்ணாடி சிப் செகண்டுக்கு பல்லாயிரம் தடவை மாறும், ஆனா அது ஆன் இல்லன்னா ஆஃப் மட்டும்தான், நடுவுல இருக்கற சாம்பல் நிறம் வேணும்னா திரும்ப மெதுவாயிடும். வெளிய வர்ற பக்கமும் இதே கதை, கேமரா வேணும், அதோட கேமரா வெளிச்சத்தோட அளவைத்தான் பாக்கும், பேஸ் பூரா போயிடும், அதுவும் வேணும்னா இன்னும் வேலை.

இன்னொரு பக்கம் ஒளியையே ஸ்விட்ச்சா வச்சு முழு டிஜிட்டல் கம்ப்யூட்டர் கட்டலாம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. 1990ல பெல் லேப்ஸ்ல ஆலன் ஹுவாங் குழு ஒரு மாடலை காட்டினாங்க, பேப்பர்ல எல்லாம் பெருசா வந்துச்சு. அது நடக்கலைன்னு நமக்கே தெரியும். ஒளிக்கு ஒளியை கண்டுக்கற குணம் கிடையாது, ரெண்டு கற்றை குறுக்க போனா ஒண்ணை ஒண்ணு தொடாமலே போயிடும். டேட்டா அனுப்ப அது வரம், ஸ்விட்ச் செய்ய அது சாபம். ஒரு கற்றை இன்னொரு கற்றையை நிறுத்தணும்னா நடுவுல ஒரு பொருள் வேணும், அதுக்கு சக்தி வேணும், டிரான்சிஸ்டர் அதை விட எத்தனையோ மடங்கு சின்னதா, சல்லிசா செஞ்சுடும்.

இப்ப ஏன் மறுபடி பேச்சு? ஏஐக்கு அடியில இருக்கற நியூரல் நெட்வொர்க்தான் காரணம். அதுல கணக்குல பெரும்பங்கு மேட்ரிக்ஸ் பெருக்கல் (கட்டம் கட்டமா அடுக்கின எண்களை பெருக்கி கூட்டறது), அது ஒளிக்கு நல்லா வரும், துல்லியம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் நெட்வொர்க் தாங்கிக்கும். 2017ல எம்ஐடியில ஒரு குழு சிலிக்கான் சிப்புக்குள்ள 56 இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியை ரெண்டா பிரிச்சு திரும்ப சேக்கற அமைப்பு) வச்சு, ஒளியாலயே பெருக்கி, பேச்சுல வர்ற உயிர் ஒலிகளை அடையாளம் கண்டாங்க. சரியா சொன்னது 76.7 சதவீதம், அதே நெட்வொர்க் சாதா கம்ப்யூட்டர்ல 91.7. நேர்மையா ரெண்டையும் எழுதியிருந்தாங்க, அதுக்கே ஒரு மரியாதை. 2018ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலஸ் கிளையில அய்டோகன் ஓஸ்கான் குழு இன்னும் வேடிக்கையா, 3டி பிரிண்டர்ல தட்டு தட்டா அடிச்சு அடுக்கி வச்சு, கையெழுத்து எண்ணை ஒரு பக்கம் காட்டினா அந்த பக்கம் சரியான டிடெக்டர் மேல அலை போய் குவியற மாதிரி செஞ்சாங்க. அது கண்ணுக்குத் தெரியற ஒளி இல்ல, அதை விட அலைநீளம் ரொம்ப பெருசான டெராஹெர்ட்ஸ் அலை, அதனாலதான் தட்டை பிரிண்டர்லயே அடிக்க முடிஞ்சுது. அடிச்சு முடிச்சப்புறம் அந்த தட்டுங்களுக்கு கரண்டே வேணாம்ங்கறது நிஜம். ஆனா படிச்ச பாடத்தை மாத்தணும்னா புதுசா பிரிண்ட் அடிக்கணும்ங்கறதும் நிஜம்.

எனக்கு இதுல சுவாரசியமா பட்டது வேற. அந்த எம்ஐடி வேலையில இருந்து கிளம்பின கம்பெனிங்கள்ல லைட்மேட்டர் ஒண்ணு. ஒளியில கணக்கு போடறேன்னுதான் ஆரம்பிச்சாங்க, அந்த ஆராய்ச்சியை விடவும் இல்ல. ஆனா இன்னிக்கு அவங்க பேரு அதிகமா அடிபடறது பாசேஜ்ங்கற பொருளுக்காக, அது ஒரு சிப்ல இருந்து இன்னொரு சிப்புக்கு டேட்டாவை ஒளியில கடத்தறது. கணக்கு எலக்ட்ரான் கிட்டயே இருக்கட்டும், போக்குவரத்தை ஒளி பாத்துக்கட்டும்னு. வாசல்தான் செலவுன்னு புரிஞ்சு வாசலையே பிசினஸா ஆக்கிட்டாங்கன்னு நான் எடுத்துக்கறேன், அவங்க வேற மாதிரி சொல்லுவாங்க.

அப்ப ஒளிக்கு கணக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு, டேட்டா பிறக்கும்போதே ஒளியா இருக்கற இடத்துல. அங்க உள்ள வர்ற வாசல் செலவே கிடையாது. நெதர்லாந்துல ஃபிரிட்ஸ் செர்னிகே 1930கள்ல பண்ணது அதுதான். உயிருள்ள செல் கண்ணாடி மாதிரி, மைக்ராஸ்கோப்ல வச்சா ஒண்ணுமே தெரியாது, சாயம் ஏத்தினா செல் செத்துடும். செல் ஒளியை மறைக்கல, கொஞ்சம் தாமதப்படுத்துது, அவ்ளோதான், கண்ணுக்கு தாமதம் தெரியாது. அவரு ஃபூரியர் லிஸ்ட் விழற இடத்துல நடு புள்ளிக்கு மட்டும் கால் அலை வித்தியாசம் கொடுக்கற ஒரு தட்டை வச்சாரு, தாமதம் எல்லாம் வெளிச்சமாவும் நிழலாவும் மாறிடுச்சு, உயிரோட இருக்கற செல் பிரியறதை நேர்ல பாக்கலாம். 1932ல யேனாவுல மைக்ராஸ்கோப் செய்யற சைஸ் (Zeiss) கம்பெனிக்கு எடுத்துட்டு போனப்ப அங்க இருந்த மூத்த ஆள் ஒருத்தர், இதுல உபயோகம் இருந்தா நாங்களே எப்பவோ கண்டுபிடிச்சிருப்போமேன்னு சொன்னாராம், செர்னிகே இதை 1953ல நோபல் உரையிலயே சொல்லிட்டாரு, நல்லா ஞாபகம் வச்சிருந்திருக்காரு மனுஷன்! யோசிச்சு பாத்தா அது ஒரு இமேஜ் ப்ராசஸிங் சிப்தான், ஒரு கண்ணாடித் தட்டுல இருக்கற ஒரே ஒரு வரி ப்ரோக்ராம். இன்னிக்கும் பயாலஜி லேப்கள்ல அது நிறைய உபயோகத்துல இருக்கு.

சூரியனை மறைச்சு அதோட ஓரத்து ஒளிவட்டமான கொரோனாவை பாக்கற, பிரெஞ்சு விஞ்ஞானி லியோட்டோட கருவியும் இதே குடும்பம்தான், நட்சத்திர வெளிச்சத்தை மறைச்சு பக்கத்துல இருக்கற கிரகத்தை தேடற டெலஸ்கோப்புகளும் அதே வழிதான். அங்க வெளிச்சத்தை கேமராவுல வாங்கினதுக்கு அப்புறம் கழிக்கலாம்னா முடியாது, நட்சத்திரம் அவ்ளோ பளிச்சு, சென்சார்ல கிரகம் மூழ்கிப்போயிடும். சென்சாருக்கு முன்னாடியே, இன்னும் ஒளியா இருக்கறப்பவே கழிச்சாகணும். எந்த ஜிபியுவும் அந்த இடத்துக்கு வர முடியாது.

சித்தப்பா பையனுக்கு கடைசியில நான் அனுப்புனது ஒரு கேள்விதான்: அந்த செய்தியில சொல்ற ஸ்பீடும் கரண்டும் லேசர், மாடுலேட்டர், டிடெக்டர், அனலாக்ல இருந்து டிஜிட்டலுக்கு மாத்தற சர்க்யூட் எல்லாத்தையும் சேத்தா, இல்ல நடுவுல இருக்கற கண்ணாடிக்கு மட்டுமான்னு பாத்து சொல்லுன்னு. இன்னும் பதில் வரல.